கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு

எங்கள் கடைக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கென்று வந்த ஒருவர், வந்த நாள் முதல் போன நாள் வரை அந்தக் கம்ப்யூட்டரை ஒரு தடவைகூடத் தொடவில்லை. நம்ப மாட்டீர்கள். பக்கத்தில் நின்று பார்த்திராவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

போன வாரம் வீடியோ காலில் சின்னவள் கேட்டாள். "அப்பா, ஸ்கூல்ல காத்தாடி மாடல் செய்யச் சொல்லியிருக்காங்க. லீவுல வர்றப்ப நீயே பண்ணிக் குடுத்துடு." சரி பாப்பா என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து, கம்ப்யூட்டரைத் தொடாத அந்த அக்காவின் ஞாபகம் வந்தது. அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அந்த அப்புறம்தான் இது. பெரியவனும் படிக்கட்டும். உங்கள் சிநேகிதப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். நான் பத்தாவதோடு நின்றவன், தேய்ப்புப் பெட்டி பிடித்த கை இது. எழுத்தில் பிழை இருந்தால் அம்மாவைத் திருத்தச் சொல்லுங்கள்.

நான் வேலை பார்க்கும் லாண்டரி தோஹாவில் நஜ்மா என்ற பகுதியில் இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் கணுக்கால் வரை நீண்ட வெள்ளை அங்கி போடுவார்கள். தோப் என்று பெயர். எங்கள் கடைக்கு வருவதில் முக்கால்வாசி அதுதான். சட்டை என்றால் நிறம் இருக்கும், கட்டம் இருக்கும், யாருடையது என்று கண்டுபிடித்துவிடலாம். தோப் எல்லாம் வெள்ளை. கம்பியில் தொங்கவிட்டால் ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். ஆனால் போடுகிறவர்களுக்கு ஒவ்வொன்றும் வேறு. ஒருவருக்குக் காலர் அட்டை மாதிரி நிற்க வேண்டும். இன்னொருவருக்குக் கஞ்சியே ஆகாது, கழுத்து அரிக்கும். அதனால் துணி வந்ததும் ஒரு சின்ன டேக்கில் எண் அடித்துக் காலருக்கு உள்ளே குத்திவிடுவோம். எந்த எண் யாருடையது, யாருக்கு எவ்வளவு கஞ்சி என்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருக்கும்.

கடையை நடத்துபவர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். எல்லாரும் பாய் என்று கூப்பிடுவோம். கவுண்டரில் செல்வம், தூத்துக்குடிப் பையன், வாய் ஓயாது. பின்னால் துவைக்கிற இடத்தில் ஒரு நேபாளி. பிரஸ் போடுவது நான். கவுண்டருக்கு எதிர்ச் சுவரில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று உண்டு. வருகிறவர்கள் தோப்பைப் போட்டு முதுகுப் பக்கம் சுருக்கம் இருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பதற்காக பாய் மாட்டியது. அந்தக் கண்ணாடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா வருவதற்கு முன்னால் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது திருட்டுப் பிரதி. காசு கொடுத்து வாங்க வேண்டியதை, யாரோ பூட்டை உடைத்துப் பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றிவிட்டுப் போனது. ஏற்றிவிட்டவன் வேலை செய்யும்போது திரையை முதுகால் மறைத்துக்கொள்வான். டக் டக் என்று தட்டுவான். "ஹலாஸ், முடிஞ்சது" என்று எழுந்துவிடுவான். என்ன செய்தான் என்று யாருக்கும் தெரியாது. கடவுச்சொல்கூட அவனிடம்தான். ஒருநாள் லீவில் ஊருக்குப் போனவன் திரும்பவில்லை, போனும் எடுக்கவில்லை. அடுத்த மாதமே திரை கறுப்பாகிவிட்டது.

அந்த வாரம் டேக்கைக் கையால் எழுதினோம். நீராவியில் மை ஊறிப்போனது. ஒருவருடைய தோப் இன்னொருவருக்குப் போனது. நல்ல உயரமான வாடிக்கையாளர் ஒருவர், தனக்குக் கொடுத்த தோப்பைப் போட்டுக்கொண்டே கடைக்கு வந்துவிட்டார். அது முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. "ரஃபீக், யே க்யா ஹை? இது என்ன நண்பா, என் பையனுடையதா?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று தன்னையே பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்தார். அடுத்து வந்தவர்கள் சிரிக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் தன் துணிக்காக நின்றுகொண்டிருந்தவர்தான் அக்கா. நாற்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு கம்பெனி ஆபீசில் வேலை. எல்லாரும் போகும்வரை ஓரமாக நின்றார். பிறகு செல்வத்திடம் கேட்டார்.

"தம்பி, இந்த மிசினுக்கு என்ன நடந்தது?"

"செத்துப்போச்சுக்கா."

"சாகேல்லை. அதுக்குள்ள இருக்கிறதுதான் பழுது. வெள்ளிக்கிழமை வாறன். பாயிட்டைச் சொல்லி வையுங்கோ."

இதுதான் அவருடைய பழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டோம். வெள்ளிக்கிழமை ஆபீஸ் கிடையாது. அன்றைக்குச் சின்னச் சின்னக் கடைகளாகப் பார்த்துப் போவார். தையற்கடை, பழக்கடை, சாவி போடும் கடை. திருட்டுப் பிரதியை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற ஒன்றைப் போட வைப்பார். கூலி வாங்க மாட்டார். பால் விடாத தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பார்.

லினக்ஸ் என்றால் என்ன என்று கேட்பீர்கள். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். எங்கள் பழைய ஸ்டீம் பெட்டியின் மூடி ரிவிட் அடித்தது, திறக்கவே முடியாது. கெட்டுப்போனால் விற்றவனையே கூப்பிட வேண்டும், அவன் வந்தால்தான் உண்டு. இப்போது இருப்பது திருகாணி போட்டது. திருப்புளி இருந்தால் யாரும் திறந்து பார்க்கலாம், சரி செய்யலாம். லினக்ஸ் அந்தத் திருகாணிப் பெட்டி மாதிரி. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே எப்படி இருக்கிறது என்று பாருங்கள், பிறருக்கும் கொடுங்கள் என்று அவர்களே சொல்லி வைத்தது. அதைப் போட்டால் நாம் யாருக்கும் திருடர் இல்லை. அக்கா இதை ஒரே பேச்சில் முடித்துவிடுவார். "களவெடுக்கத் தேவையில்லாததை ஏன் களவெடுக்கிறியள்?"

முதல் வெள்ளிக்கிழமை வந்ததும், பென் டிரைவ் ஒன்றைக் கவுண்டர்மேல் வைத்தார். கைப்பையின் வாரைத் தோளில் மாட்டினார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு கையால் மற்றக் கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ம், செருகுங்கோ" என்றார்.

செல்வம் அவரைப் பார்த்தான், பென் டிரைவைப் பார்த்தான். "நானா?"

"வேற ஆர்? உங்கட கடைதானே."

"ஏக்கா, எதையாவது தப்பா அமுக்கிட்டா?"

"இப்ப ஒண்டும் பழுதாகாது. இதுக்குள்ள இருந்தே ஓடும். ஏத்தாமலே பாக்கலாம். பிடிக்காட்டிக் கழட்டுங்கோ, பழையது அப்பிடியே நிக்கும்."

"பழையதுதான் செத்துப்போச்சே."

"அப்ப உங்களுக்கு என்ன பயம்?"

செல்வம் செருகினான். அவர் சொல்லச் சொல்ல அமுக்கினான். தப்பான இடத்தில் அமுக்கினால் அக்கா ஒன்றும் சொல்ல மாட்டார். காத்திருப்பார். அவனே விழித்துவிட்டு, "இல்ல, இது இல்லியோ" என்பான். "ஏன் இல்லை?" என்று கேட்பார். அவன் யோசித்துக் காரணம் சொன்னால்தான் அடுத்த படி. அந்த வெள்ளிக்கிழமை முழுக்க இப்படியே போனது. தொழுகை முடிந்து வந்த பாய் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கிசுகிசுத்தார். "வேலை தெரிஞ்ச பொம்பளைதானா இது? கையவே எடுக்கக் காணோம்?"

செல்வத்துக்கு அன்றே விளையாட்டுக் கிடைத்துவிட்டது. அவர் தலை மறைந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைக்குள் உலாத்துவான். "கலெக்டரம்மா பார்வையிட வந்திருக்காவ, எல்லாரும் எந்திரிங்க." ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டான். "ஏக்கா, உங்க கையில என்ன சுளுக்கா?"

அக்காவும் சிரித்தார். "என்ர கைக்கு இது ஏற்கெனவே தெரியும் தம்பி. அதுக்குத் திரும்பப் படிப்பிச்சு என்ன செய்ய?"

நிரந்தரமாக ஏற்றும்போது கம்ப்யூட்டர் ஒரு பெயர் கேட்டது, யாருடைய கணக்கு என்று. செல்வம் யாரையும் கேட்காமல் அக்காவின் பெயரையே அடித்துவிட்டான்.

"அது வேண்டாம். கடைக்காரற்ர பேரைப் போடுங்கோ."

"போட்டாச்சுக்கா. மொதல்ல சாமி பேரு, பொறவு ஆசாமி பேரு."

"பேந்து, எல்லாம் முடிஞ்ச பிறகு, அழிக்கோணும். மறக்கக்கூடாது" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. கடவுச்சொல் அடிக்கும் இடம் வந்ததும் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டார். யார் கடவுச்சொல் அடித்தாலும் அவர் முகம் தானாகத் திரும்பிவிடும்.

எல்லாம் தெரிந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். டேக் அடிக்கும் சின்னப் பிரிண்டர் புதியதோடு ஒத்துப்போகவில்லை. என்னென்னவோ செய்ய வைத்துப் பார்த்தார், நடக்கவில்லை. "எனக்குத் தெரியேல்லை. கேட்டுக்கொண்டு வாறன்" என்று போய்விட்டார். அடுத்த வெள்ளியும் அதே பதில். அதற்கடுத்த வெள்ளிதான் வழி கண்டுபிடித்து வந்தார். பக்கத்துப் போட்டோ ஸ்டூடியோக்காரர் தன் கடைக்கும் போடச் சொன்னபோது, அவர் வேலையை அரை நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு இது சரிவராது. நீங்கள் படம் திருத்துற புரோகிராம் இதிலை ஓடாது. காசு குடுத்து நேர்மையா வாங்குங்கோ" என்று சொல்லிவிட்டார். எனக்கு அது பெரிய ஆச்சரியம். தன் சரக்கு உனக்கு ஆகாது என்று சொல்லும் ஆளை நான் அதற்குமுன் கண்டதில்லை.

செல்வம் ஒருவன் தெரிந்துகொண்டால் போதும் என்று நாங்கள் நினைத்தோம். அக்கா விடவில்லை. நேபாளியைக் கூப்பிட்டார். பாயை உட்கார வைத்தார். நான் நீராவிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்தத் தம்பியும் வரட்டும்."

"எனக்கு இங்கிலீஷ் வராதுங்கக்கா. நான் பிரஸ் மட்டும்தான்."

"தமிழ் வாசிப்பியள்தானே?"

செல்வத்திடம் ஏதோ இடத்தைத் திறக்கச் சொன்னார். அவன் அமுக்கியதும் திரை முழுக்கத் தமிழாகிவிட்டது. கோப்பு, திருத்து, சேமி, அச்சிடு, வெளியேறு. நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனேன். பள்ளிக்கூடத்தை விட்டபின் இவ்வளவு சத்தமாக எதையும் படித்ததில்லை.

"ஏண்ணே, ரேடியோவுல செய்தி வாசிக்க மாரியே இருக்கு" என்றான் செல்வம்.

"இது யாருக்கா எழுதுனது?" என்று கேட்டேன்.

"எங்களை மாதிரி ஆக்கள்தான். வேலை முடிஞ்சு வந்து, சும்மா இருக்கிற நேரத்திலை, ஒவ்வொரு சொல்லா மாத்தி வைச்சிருக்கினம். ஆரெண்டு எனக்கும் தெரியாது."

அதன்பிறகு எங்கள் கடையில் ஒரே கம்ப்யூட்டர் மூன்று பாஷை பேசியது. செல்வம் திறந்தால் இங்கிலீஷ், நேபாளி திறந்தால் நேபாளி, நான் திறந்தால் தமிழ்.

இனி அந்தப் பெருநாளைச் சொல்ல வேண்டும். அக்காமேல் எனக்குக் கோபம் வந்த ஒரே நாள் அதுதான்.

நோன்புப் பெருநாளுக்கு எல்லாரும் சலவைத் தோப் போடுவார்கள். அதனால் முந்தின வாரம் கடையில் நடக்க இடமிருக்காது. அந்த வருஷம் எங்களுக்கு அது சாதாரணப் பெருநாள் இல்லை. முன்னால் நடந்த குளறுபடி கடையின் கபீல் காதுக்குப் போயிருந்தது. கபீல் என்றால் கடைக்கும் எங்கள் விசாவுக்கும் பொறுப்பாக இருக்கும் இந்த ஊர்க்காரர். "இன்னொரு தடவை இப்படிப் பேச்சு வந்தால் கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்" என்று பாயிடம் சொல்லியிருந்தார். கடை போனால் எங்கள் விசாவும் போகும். அப்போது பெரியவன் ஒன்றாவது சேர்ந்த புதுசு. நான் வெறுங்கையோடு ஊருக்கு வந்து இறங்குவதை நினைத்தால் சோறு இறங்காது.

செல்வம் தங்கை கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தான். கவுண்டரையும் நான்தான் பார்த்தேன். பெருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது. போட்டேன், வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அதே கதை. கம்பியெல்லாம் வெள்ளை தோப். டேக்கில் வெறும் எண். ஆள் யார் என்பது உள்ளே இருக்கிறது. தினமும் சாயந்திரம் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து வைக்க அக்கா பழக்கியிருந்தார். பெருநாள் நெருக்கடியில் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. கதவுக்கு வெளியே வண்டிகள் வந்து நின்று ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டன.

பாய் போனில் அக்காவைப் பிடித்தார். அவர் ஆபீசிலிருந்து நேராக வந்தார். மூச்சு வாங்கியது. கவுண்டருக்கு முன்னால், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தங்கச்சி, வந்துட்டீங்களா! கொஞ்சம் போட்டுக் குடுங்கம்மா" என்றார் பாய்.

"தம்பி செய்வார்."

"அவனுக்கு என்னம்மா தெரியும், துணி தேய்க்கிறவன்! வெளிய பாருங்க, அரபி எல்லாம் நிக்கிறாங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே!"

"தெரியும் பாய்."

"தெரிஞ்சும் சும்மா நிக்கிறீங்களா? யா அல்லாஹ்! சரி விடுங்க. அடுத்த தெருப் பையன் ஒருத்தன் பழைய மாதிரியே போட்டுத் தர்றேங்கிறான். அவனக் கூப்பிடுறேன்."

"கூப்பிடுங்கோ. ஆனால் அவர் புதுசா ஏத்தினால் உள்ள இருக்கிற பேர் எல்லாம் அழியும். அதை மட்டும் யோசியுங்கோ."

பாய் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கல்நெஞ்சுக்காரி என்று மனசுக்குள் திட்டினேன். ஒரு நிமிஷ வேலை அவருக்கு. எங்கள் பிழைப்பு போகப் போகிறது, இவர் பள்ளிக்கூடம் நடத்துகிறார்.

"தம்பி, போட்ட உடனையே நிக்குதோ, கொஞ்சம் பொறுத்து நிக்குதோ?"

"கொஞ்சம் பொறுத்துத்தான்." என் குரல் எனக்கே முரடாகக் கேட்டது.

"உங்கட ஸ்டீம் பெட்டி அப்பிடி நிண்டால் என்ன நினைப்பியள்?"

"சூடு ஏறிடுச்சுன்னு நினைப்பேன். தானா கட் ஆவும். ஆற விட்டு…" சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டர் பெட்டியில் கையை வைத்தேன். கை தானாக விலகியது. சூடு என் தொழில் பிள்ளைகளே. எந்தச் சூடு நல்லது, எது துணியைக் கருக்கும் என்று இந்தக் கைக்குத் தெரியும். இது நல்ல சூடு இல்லை.

"திறக்கலாமாக்கா?"

"முதல் கரண்டைக் கழட்டுங்கோ. பேந்து உங்கட விருப்பம்."

பிளக்கைப் பிடுங்கினேன். திருப்புளி எடுத்து வந்தேன். அவசரத்தில் ஆணியை எதிர்ப்பக்கம் திருப்பி இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தேன். எரிச்சலோடு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அவர் முகம் சாதாரணமாக இருந்தது. அவருக்குப் பின்னால் இருந்த கண்ணாடியில் அவருடைய கைகள் தெரிந்தன.

இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. சும்மா அல்ல, நரம்பு தெறிக்கும்படி. அந்த வலது கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும், இல்லாத ஒரு திருப்புளியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தன. சரியான பக்கமாக. திரும்பத் திரும்ப. ஓடிவந்து பிடுங்கத் துடிக்கிற கை அது. அதை அவர் கட்டி வைத்திருக்கவில்லை, பிடித்து வைத்திருந்தார். இத்தனை வெள்ளிக்கிழமைகளும் அவர் அப்படித்தான் நின்றிருப்பார் போல. நாங்கள் முன்பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறோம்.

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. திருப்புளியை மற்றப் பக்கம் திருப்பினேன். மூடி கழன்றது.

உள்ளே பஞ்சு. துணியிலிருந்து பறக்கிற தூசு எல்லாம் போய்ச் சேர்ந்து, விசிறியைச் சுற்றி மெத்தை மாதிரி அடைத்திருந்தது. மூச்சு விட வழியில்லாமல் அது எப்படி ஓடும்? கறை எடுக்கும் மேசையில் காற்று ஊதும் குழாய் இருக்கிறது. அதை இழுத்துக்கொண்டு வந்தேன்.

"விசிறியை விரலாலை பிடிச்சுக்கொண்டு ஊதுங்கோ. கெதியாச் சுத்தினால் அது உடையும்" என்றார் அக்கா.

பிடித்துக்கொண்டு ஊதினேன். கடைக்குள் பனி பெய்தது மாதிரி பஞ்சு பறந்து பாயின் தாடியில் உட்கார்ந்தது. மூடினேன். பிளக்கைச் செருகினேன். திரை வந்தது. தமிழில் கடவுச்சொல் கேட்டது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் மூவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அணையவில்லை.

"யல்லா, யல்லா! கூப்பிடுங்க எல்லாரையும்!" என்று பாய் கதவைத் திறந்தார்.

அன்று ஒரு தோப்கூட ஆள் மாறவில்லை. முன்பு குட்டைத் தோப் வாங்கிப்போன அந்த உயரமானவரும் வந்தார். கடையிலேயே போட்டுப் பார்த்தார், கண்ணாடியில் கணுக்காலைத் தேடிப் பார்த்தார், திருப்தியாகத் தலையை ஆட்டினார். கபீல் அதன்பிறகு கடையைப் பற்றிப் பேசவில்லை.

பெருநாள் கழிந்த வெள்ளியன்று அக்கா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது நான் மெதுவாகக் கேட்டேன். "அன்னைக்கு உங்களுக்குக் கை துடிச்சுதுல்லக்கா? கண்ணாடியில பாத்தேன்."

அவர் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார். முதன்முதலாக அதைக் கவனிக்கிற மாதிரி பார்த்தார். பிறகு, இதற்குமுன் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"நான் முந்தி குவைத்திலை, ஃபஹாஹீலிலை வேலை செய்தனான். எங்கட ஊர் ஆள் ஒராள் அங்கை பலசரக்குக் கடை வைச்சிருந்தவர். அவற்ர கடைக்கு எல்லாத்தையும் நானே மாத்திக் குடுத்தன். ஒரு கிழமையிலை, ஏழே நாளிலை முடிச்சன். எனக்குப் பெரிய புழுகம், அவ்வளவு சந்தோசம். பேந்து எனக்கு இஞ்சை வேலை கிடைச்சு வந்திட்டன். அவர் எனக்குப் போன் அடிப்பார், அது வரேல்லை, இது வரேல்லை எண்டு. போனிலை எப்பிடிச் சொல்லுறது? அவருக்குத் திரையிலை எது எங்கை இருக்கெண்டே தெரியாது. கடைசியிலை எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சிட்டுப் பழைய களவுப் பிரதிக்கே போயிட்டார். லினக்ஸ் கூடாது எண்டு ஊரெல்லாம் சொன்னார்."

கோப்பையைக் கவுண்டரில் வைத்தார்.

"அவரிலை பிழையில்லை. நான் வரேக்கை, அந்தக் கடையின்ர கையையும் சேர்த்துக் கொண்டு வந்திட்டன். இந்த நாட்டிலை நாங்கள் எல்லாரும் போற ஆக்கள்தானே தம்பி. இண்டைக்கு நான், நாளைக்கு நீங்கள்."

அவர் சொன்னது சரிதான். இங்கே யாருக்கும் இருப்பு நிச்சயம் இல்லை. சமைக்கிறவன் போவான், கார் ஓட்டுகிறவன் போவான், பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் ஒருநாள் பெட்டி கட்டிவிடுவான். ஒரு வேலை ஒருவன் கையிலேயே இருந்தால், அவன் விமானம் ஏறும்போது அதுவும் ஏறிவிடும்.

அவர் முறையும் வந்தது. சவூதியில் அல் கோபார் ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள். கடைசி வெள்ளிக்கிழமை வந்தபோது அவருடைய துணியைத் தேய்த்து ஹேங்கரில் தயாராக வைத்திருந்தேன். அவர் அதை எடுக்கவில்லை. கவுண்டருக்கு முன்னால் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தம்பி, என்ர பேர் இன்னும் உள்ள கிடக்கு. அதை அழியுங்கோ."

செல்வம் குறுக்கே வந்தான். "ஏக்கா, அது கெடந்துட்டுப் போகட்டும். நாங்க பாத்துக்கிடுதோம்."

"இல்லை. ஆள் இல்லாத வீட்டுக்குத் திறப்பு வைச்சிருக்கக்கூடாது. தம்பி அழிப்பார்." சாவியைத்தான் அவர் திறப்பு என்பார்.

உட்கார்ந்தேன். கணக்குகள் இருக்கும் இடத்தை நானே தேடித் திறந்தேன். என் பெயர், செல்வம், பாய், நேபாளி. எல்லாவற்றுக்கும் மேலே அவர் பெயர். அதைத் தொட்டு, நீக்கு என்பதை அமுக்கினேன். கம்ப்யூட்டர் தமிழில் கேட்டது. இவருடைய கோப்புகளை வைத்துக்கொள்ளவா, நீக்கவா?

நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன்.

"அதை நீங்கள்தான் முடிவெடுக்கோணும்" என்றார்.

வைத்துக்கொள் என்பதை அமுக்கினேன். பட்டியலில் இருந்து பெயர் போனது. அக்கா பின்னாலிருந்து கையை எடுத்தார். ஹேங்கரை வாங்கிக்கொண்டார். "காலர் வடிவா நிக்குது" என்று தடவிப் பார்த்தார். அவ்வளவுதான், போய்விட்டார்.

இதில் நான் அவர் பெயரை எழுதாதது ஏன் என்று கேட்காதீர்கள். அழிக்கச் சொன்னவர் அவர், அழித்த கை இது. மறுபடி எழுத மனம் வரவில்லை.

அன்று சாயந்திரம் கடையைச் சாத்தும் முன், வைத்துக்கொண்ட அந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். எங்களுக்காக ஏதாவது விட்டுப் போயிருப்பார் என்று ஓர் ஆசை. ஆவணங்கள் என்று ஒரு பெட்டி இருந்தது. படங்கள், இசை, பதிவிறக்கங்கள் என்றும் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாம் காலி. ஒரு எழுத்துகூட இல்லை. அத்தனை வெள்ளிக்கிழமை வந்தும், எங்கள் கம்ப்யூட்டரில் அவர் செய்தது என்று ஒன்றுமே இல்லை.

செல்வம் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்ல" என்றேன். மெஷினை முறைப்படி அணைத்துவிட்டு, மூடியைக் கழற்றி, அந்த வாரத்துப் பஞ்சை ஊதி எடுக்க ஆரம்பித்தேன்.